கடைத் தளத்தில் கார்ட்டால் காசு வாங்கும் வசதி: யாழ்ப்பாணத்தில் முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மிளகாய்த்தூள், பனங்கட்டி, பருத்தித்துறை வடை விற்கும் ஒரு கடைக்கு இணையத்தளம் செய்து கொடுத்துவிட்டீர்கள். படங்கள் ஏறிவிட்டன, விலையும் போட்டாயிற்று. அடுத்ததாகக் கடைக்காரர் கேட்பது இதுதான்: "தம்பி, கனடாவில இருக்கிற ஆக்கள் கார்ட்டால காசு கட்டுற மாதிரிச் செய்து தருவியளோ?"

செய்யலாம். நிரல் எழுதுவது இரண்டு மூன்று நாள் வேலைதான். கடதாசி அலுவல்தான் கிழமைக் கணக்கில் இழுக்கும். ஆகவே கடதாசிகளை முதலில் தொடக்கிவிட்டு, அவை நகர்கிற இடைவெளியில் நிரலைப் பாருங்கள். நல்லூரில் கொடி ஏறின பிறகு இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஓடர் குவியும் காலத்தில் அரைகுறையான செக்அவுட் (காசு கட்டும் பக்கம்) இருப்பதைவிட, பழையபடி வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொல்வது நல்லது.

1. எந்தச் சேவை என்று தெரிவு செய்யுங்கள்

யூடியூப் பாடங்களில் அதிகம் வருவது ஸ்ட்ரைப் என்ற வெளிநாட்டுக் கட்டணச் சேவை. இலங்கையில் பதிந்த வணிகத்துக்கு அது கணக்குத் தருவதில்லை. வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரரின் பெயரில் கணக்கைத் திறந்து இங்குள்ள கடைக்குப் பாவிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கணக்குக்காரரும் கடைக்காரரும் வேறு ஆட்கள் என்று தெரியவந்தால் கணக்கை முடக்குவார்கள், உள்ளே நிற்கும் காசும் சேர்ந்து நிற்கும்.

உள்ளூர்ச் சேவை ஒன்றை எடுங்கள். வங்கிகள் நேரடியாகவே இணையக் கட்டண வசதி தருகின்றன. வங்கிக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் பேஹியர் போன்ற இடைநிலைச் சேவைகளும் உண்டு. சிறு கடைக்கு இரண்டாவது வகை இலகு. கீழே பேஹியரை வைத்தே விளக்குகிறேன். மற்றச் சேவைகளில் பெயர்கள் மாறும், வேலை செய்யும் விதம் பெரும்பாலும் இதேதான்.

2. கடதாசிகள்

வணிகப் பெயர்ப் பதிவு இல்லையென்றால் அதிலிருந்து தொடங்குங்கள். தனியாள் வணிகமும் பங்காளி வணிகமும் கடை இருக்கும் இடத்துப் பிரதேச செயலகத்தில் பதியப்படும். பூர்த்தி செய்த படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் சான்று, கடை இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சொந்த இடமென்றால் உறுதி, வாடகையென்றால் ஒப்பந்தம். தகப்பன் பெயரில் உள்ள வீட்டின் முன்பக்கத்தில் கடை நடக்கிறதென்றால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் எழுதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு முறை அலைய வேண்டியிருக்கும். சாப்பாட்டுச் சாமான் என்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் வேண்டிவரும். அதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. பதிந்த வணிகப் பெயரிலேயே திறந்து, கணக்கின் பெயர் தெளிவாகத் தெரியும் கூற்றுப் பக்கம் ஒன்றை ஸ்கேன் செய்து வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு முதற்காரணம் பெயர். எங்கள் ஆட்களின் பெயர் ஆங்கிலத்தில் கடதாசிக்குக் கடதாசி மாறியிருக்கும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் நிற்கும். ஒன்றில் 'த'வுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, மற்றதில் இரண்டு. எங்களுக்கு இது ஒரே ஆள்தான். கொழும்பில் இருந்து கடதாசியைச் சரிபார்ப்பவருக்கு இது இரண்டு ஆள். அடையாள அட்டை எண்ணிலும் இதே சிக்கல் வரும்: ஒரு கடதாசியில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண், மற்றதில் 12 இலக்கப் புதிய எண். விண்ணப்பிக்க முதல் எல்லாக் கடதாசிகளையும் மேசையில் பரப்பி, பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் வங்கியில் திருத்துவதுதான் பெரும்பாலும் விரைவாக முடியும்.

தளத்திலும் சில பக்கங்கள் இருந்தாக வேண்டும்: தொடர்பு விவரம், விற்பனை நிபந்தனைகள், காசு திருப்பிக் கொடுக்கும் விதம், தனியுரிமைக் கொள்கை. தளத்தைப் பார்த்துத்தான் கணக்கை அங்கீகரிப்பார்கள், ஆகவே "விரைவில்" என்று போட்டுவைத்த வெற்றுப் பக்கம் உதவாது. தனியுரிமைப் பக்கத்தை வேறு கடையில் இருந்து பிரதி எடுக்காதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவதே இந்த விவரங்களைப் பற்றித்தான். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை எதற்கு எடுக்கிறீர்கள், யாரிடம் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று நான்கு வரியில் உண்மையை எழுதினால் போதும்.

நாள் கணக்குப் போடும்போது போயா நாட்களைக் கழித்துவிடுங்கள். வெள்ளி மாலை அனுப்பிய விண்ணப்பத்தைத் திங்கள் போயாவென்றால் செவ்வாய்தான் திறந்து பார்ப்பார்கள்.

3. டொமைனும் பூட்டும்

டொமைனைக் கடைக்காரரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதியுங்கள், உங்களுடையதில் வேண்டாம். எச்டிடிபிஎஸ், அதாவது தரவைப் பூட்டி அனுப்பும் இணைப்பு, கட்டாயம். அதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், ஆனால் 90 நாளில் முடியும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தளத்தின் முகவரியில் முன்னுக்கு 'டபிள்யூ' மூன்று வருமா வராதா என்பதையும் இன்றே தீர்மானியுங்கள். இது 7ஆம் படியில் முக்கியமாகும்.

4. சாண்ட்பொக்ஸ் கணக்கு

உண்மைக் கணக்கின் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பேஹியரின் சாண்ட்பொக்ஸ் வேறு முகவரியில் இயங்கும் தனிக் கணக்கு, அதில் போலிக் கார்ட் எண்களால் கட்டிப் பார்க்கலாம். அங்கே உங்கள் டொமைனைச் சேர்த்ததும் அதற்கென ஓர் இரகசியக் குறி கிடைக்கும். டொமைன் அங்கீகாரத்துக்கு ஒரு நாள் வரை எடுக்கலாம்.

சாண்ட்பொக்ஸ் கணக்கின் வணிகர் எண்ணும் இரகசியக் குறியும் உண்மைக் கணக்கில் செல்லாது. இரண்டையும் கலந்துவிட்டு "அனுமதியற்ற கோரிக்கை" என்ற பிழையோடு ஒரு நாளைத் தொலைப்பது அடிக்கடி நடக்கிறது. அமைப்புக் கோப்பில் இரண்டு தொகுதியாக எழுதி, ஒரே ஒரு சுவிட்சால் மாறும்படி வையுங்கள்.

5. இரகசியக் குறியை வைக்கும் இடம்

இரகசியக் குறி சேர்வரில் மட்டும் இருக்க வேண்டும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் போட்டால், பக்கத்தின் மூலத்தைத் திறக்கும் எவரும் அதை எடுத்து, உங்கள் கடையின் பெயரில் 10 ரூபாய்க்கு ஒரு கோரிக்கையைச் சரியான கையொப்பத்தோடு (6ஆம் படியில் வரும் சரிபார்ப்புச் சரம்) உருவாக்கலாம்.

அமைப்புக் கோப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டிலும் சேர்க்காதீர்கள். தவறிச் சேர்த்து கிட்ஹப்புக்கு அனுப்பிவிட்டால், கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய பதிவில் அது அப்படியே கிடக்கும். குறியையே மாற்றுங்கள்.

கார்ட் எண்ணையும் பின்புறத்து மூன்று இலக்கத்தையும் உங்கள் தளத்தின் படிவத்தில் ஒருபோதும் கேட்காதீர்கள். அதை வாங்குவது பேஹியரின் பக்கம். உங்கள் சேர்வரைத் தொடாத எண் உங்கள் சேர்வரில் இருந்து களவு போகாது.

6. கையொப்பம்: ஒரு காற்புள்ளியால் நிற்கும் வேலை

வாடிக்கையாளர் "கட்டுக" என்று அழுத்தியதும் உங்கள் சேர்வர் ஓடர் விவரங்களோடு ஒரு கையொப்பத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது உருவாகும் விதம்:

முதலில் இரகசியக் குறியை எம்டி5 (எந்தச் சரத்தையும் நிலையான நீளக் குறியாக்கும் கணக்கீடு) ஆக்கி, வரும் எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்குங்கள். பிறகு வணிகர் எண், ஓடர் எண், தொகை, நாணயக் குறி, முதலில் கிடைத்த அந்தப் பெரிய எழுத்துச் சரம் ஆகிய ஐந்தையும் இதே ஒழுங்கில் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். ஒட்டியதை மறுபடி எம்டி5 ஆக்கி, மறுபடி பெரிய எழுத்தாக்குங்கள்.

பிழை வரும் இடம் அனேகமாகத் தொகைதான். 2,450 ரூபாய் ஓடர் என்றால் ஒட்ட வேண்டியது 2450.00. காற்புள்ளி போட்டு 2,450.00 என்று ஒட்டினால் கையொப்பம் வேறு. தசமம் இல்லாமல் 2450 என்றாலும் வேறு. பிஎச்பி மொழியில் எண்ணை வடிவமைக்கும் நம்பர் ஃபோர்மட் தானாகவே காற்புள்ளி போடும், ஆகவே இரண்டு தசமம், தசமத்துக்குப் புள்ளி, ஆயிரப் பிரிப்பானுக்கு வெற்றுச் சரம் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கையொப்பத்துக்குப் பாவித்த அதே சரத்தையே படிவத்திலும் அனுப்புங்கள். இரண்டு இடத்தில் இரண்டு முறை கணக்கிட்டால் என்றோ ஒரு நாள் இரண்டும் பிரியும்.

தொகையைத் தரவுத்தளத்தில் உள்ள விலையில் இருந்து எடுங்கள், உலாவியில் இருந்து வரும் தொகையை நம்பாதீர்கள். வாடிக்கையாளர் ஒருமுறை கட்டிச் சரிவராமல் திரும்ப முயன்றால் புதிய ஓடர் எண் கொடுங்கள்: 1047-1, 1047-2 என்று. எந்த முயற்சிக்கு எந்தப் பதில் வந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

7. காசு வந்ததை உறுதிப்படுத்துவது

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் கவனமாக வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

நீங்கள் மூன்று முகவரி கொடுக்கிறீர்கள்: வாடிக்கையாளர் திரும்பிவரும் முகவரி, கைவிட்டால் வரும் முகவரி, அறிவிப்பு முகவரி. முதல் இரண்டும் வாடிக்கையாளரின் உலாவியில் திறப்பவை. மூன்றாவதைப் பேஹியரின் சேர்வர் நேரே உங்கள் சேர்வரிடம் தட்டும். திரும்பிவரும் முகவரிக்குக் கட்டணத்தின் நிலை அனுப்பப்படுவதில்லை. "நன்றி" பக்கம் திறந்ததும் ஓடரைக் கட்டியாயிற்று என்று குறிக்கும் தளத்தில், அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்த எவரும் காசில்லாமல் மிளகாய்த்தூள் வாங்கலாம். மறுபக்கமும் உண்டு: சுன்னாகத்தில் ஒருவர் காசு கட்டிய கையோடு மின்சாரம் போய்விட்டால் அவர் "நன்றி" பக்கத்துக்கு வரவே மாட்டார், ஆனால் காசு வந்திருக்கும்.

ஆகவே ஓடரின் நிலையை மாற்றுவது அறிவிப்பு முகவரி மட்டுமே. அது செய்ய வேண்டிய வேலை:

வந்தது எதுவோ, முதலில் அப்படியே ஒரு பதிவுக் கோப்பில் எழுதுங்கள். பிறகு கையொப்பத்தை நீங்களே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். முறை 6ஆம் படியைப் போலத்தான், ஆனால் நாணயத்துக்கும் குறியின் எம்டி5 சரத்துக்கும் நடுவில் நிலைக் குறியீடும் சேரும். தொகையையும் நாணயத்தையும் அறிவிப்பில் வந்தபடியே எடுத்து ஒட்டுங்கள். கையொப்பம் பொருந்தினால், அந்தத் தொகையும் நாணயமும் உங்கள் ஓடரில் உள்ளவையோடு சரியா என்று பாருங்கள். கடைசியாக நிலைக் குறியீடு: 2 என்றால் காசு வந்தது, 0 என்றால் இன்னும் முடியவில்லை, -1 கைவிட்டது, -2 தோல்வி, -3 என்றால் கார்ட்காரர் வங்கியிடம் முறையிட்டுக் காசைத் திரும்ப எடுத்துவிட்டார். 2ஐத் தவிர வேறெதற்கும் பொதி கட்டக் கூடாது. அதே அறிவிப்பு இரண்டாம் முறை வந்தாலும் இருப்பு இரண்டு முறை குறையாதபடி, ஏற்கெனவே கட்டிய ஓடரா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அறிவிப்பு வரவே இல்லையா? இந்த ஒழுங்கில் தேடுங்கள்.

உங்கள் கணினியில் லோக்கல்ஹோஸ்ட்டில் ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றால், வெளியில் உள்ள சேர்வருக்கு அது தெரியாது. என்ஜிரொக் அல்லது கிளவுட்ஃப்ளேர் டனல் மூலம் ஒரு தற்காலிகப் பொது முகவரி எடுத்து அதை அறிவிப்பு முகவரியாகக் கொடுங்கள்.

அடுத்து, 'டபிள்யூ' மூன்று. டபிள்யூ இல்லாத முகவரியைக் கொடுத்திருக்க, சேர்வர் அதை டபிள்யூ உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும். அப்படித் திருப்பப்படும்போது போஸ்ட் (தரவைச் சுமந்து வரும்) கோரிக்கை கெட் (பக்கத்தை மட்டும் கேட்கும்) கோரிக்கையாக மாறி, கூட வந்த தரவு விழுந்துபோகலாம். உங்கள் பக்கம் திறந்திருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. எச்டிடிபியில் இருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும்போதும் இதுவே. கடைசி முகவரி எதுவோ அதையே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள்.

லாராவெல் என்ற பிஎச்பி சட்டகத்தில் செய்திருந்தால் சேர்வர் பதிவில் 419 என்ற பிழை எண் தெரியும். வெளியில் இருந்து வரும் போஸ்டில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (படிவம் உங்கள் தளத்தில் இருந்தே வந்தது என்று காட்டும் குறி) இருக்காது, அந்த ஒரு வழியை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 401 என்றால் சோதனைத் தளத்துக்கு நீங்கள் போட்ட கடவுச்சொல். 403 என்றால் பெரும்பாலும் ஹொஸ்டிங்கின் மொட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு வடிகட்டி அல்லது கிளவுட்ஃப்ளேரின் ரோபோத் தடுப்பு.

அறிவிப்பு வந்தும் தரவு வெறுமையாகத் தெரிந்தால், நீங்கள் ஜேசன் என்ற தரவு வடிவத்தை எதிர்பார்க்கிறீர்கள். வருவது சாதாரணப் படிவத் தரவு. இன்னொன்று: வாடிக்கையாளரின் கூடையைச் செஷனில் (அவருடைய உலாவிக்கென்று சேர்வர் வைத்திருக்கும் நினைவு) இருந்து எடுக்கப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. தட்டுவது பேஹியரின் சேர்வர், வாடிக்கையாளரின் உலாவி அல்ல. ஓடர் எண்ணை வைத்துத் தரவுத்தளத்தில்தான் தேட வேண்டும்.

8. எஸ்எம்எஸ்: தமிழுக்கு வேறு கணக்கு

காசு உறுதியானதும் ஒரு குறுஞ்செய்தி போனால் வாடிக்கையாளருக்கு நிம்மதி. உள்ளூர் எஸ்எம்எஸ் சேவைகளிலும் ஏபிஐ (உங்கள் நிரலில் இருந்தே செய்தி அனுப்பும் வழி) கிடைக்கும். கடைப் பெயரில் செய்தி போக வேண்டுமென்றால் அந்தப் பெயருக்குத் தனி அங்கீகாரம் வேண்டும், அதையும் 2ஆம் படிக் கடதாசிகளோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். எண்ணை முன்னுள்ள 0 இல்லாமல் 94 போட்டு அனுப்புங்கள்.

ஆங்கிலச் செய்தியில் ஒரு துண்டுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோட் என்பதால் 70. அதிலும் நாங்கள் எண்ணுகிற எழுத்து வேறு, கணினி எண்ணுவது வேறு. யாழ்ப்பாணம் என்பது எங்களுக்கு 6 எழுத்து. கணினிக்கு 11, ஏனென்றால் புள்ளியும் அரவும் தனித்தனியே எண்ணப்படும். "உங்கள் ஓடர் 1047 கிடைத்தது. நாளை அனுப்புவோம். நன்றி." என்பது இடைவெளிகளோடு 52, ஒரு துண்டுக்குள் அடங்கும். தொலைபேசி எண்ணையும் கடைப் பெயரையும் சேர்த்தால் 70ஐத் தாண்டி இரண்டு துண்டுக் காசு போகும். பிரிந்த செய்தியில் ஒரு துண்டுக்கு 67தான். கடைப் பெயர் அனுப்புநர் இடத்திலேயே தெரிகிறதே, செய்திக்குள் மறுபடி எழுதத் தேவையில்லை.

9. வரைபடம்

கடை இருக்கும் இடத்தைக் காட்ட மட்டும் என்றால் கூகுள் மெப்ஸில் "பகிர்" என்பதில் உள்ள உட்பொதிக்கும் துண்டை எடுத்து ஒட்டுங்கள். கீயும் (கூகுள் தரும் அனுமதிக் குறி) வேண்டாம், கார்ட்டும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் வரைபடம் வேண்டுமென்றால் கட்டணக் கணக்கு திறக்க வேண்டும், அப்போது கீயை உங்கள் டொமைனுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். ஆயங்களை மாற்றிப் போடாதீர்கள்: யாழ்ப்பாண நகரம் 9.66 வடக்கு, 80.02 கிழக்கு. இரண்டும் இடம் மாறினால் குறி வடதுருவத்துக்குக் கிட்ட ஸ்வால்பார்டுப் பக்கம் போய் நிற்கும்.

10. செலவுக் கணக்கு

டொமைனும் ஹொஸ்டிங்கும் வருடத்துக்கு ஒருமுறை, அவற்றைக் கடைக்காரர் எதிர்பார்ப்பார். அவர் எதிர்பாராதது ஒவ்வொரு ஓடரிலும் கழியும் வீதம். முன்கூட்டியே கடதாசியில் போட்டுக் காட்டுங்கள். கழிவு 3% என்று வைத்தால் 2,450 ரூபாய் ஓடரில் 73.50 போய், கையில் வருவது 2,376.50. இலாபம் குறைந்த சாமானுக்கு இது பெரிய காசு. விலையை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

மாதக் கட்டணம் உள்ள திட்டமா, இல்லாததா? உதாரணத்துக்கு மாதக் கட்டணம் இல்லாமல் 3.5%, அல்லது மாதம் 3,000 ரூபாயும் 3%உம் என்று இரண்டு திட்டம் இருந்தால், 3,000ஐ அரை வீதத்தால் வகுங்கள்: மாத விற்பனை 6 இலட்சத்தைத் தாண்டினால்தான் இரண்டாவது இலாபம். புதிய கடை மாதக் கட்டணம் இல்லாததில் தொடங்கட்டும். பதியும் நாளில் உள்ள உண்மை வீதத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

வெளிநாட்டுக் கார்ட் ஓடர்களுக்குப் பொதி அனுப்பிய சீட்டையும், பெற்றவர் கையொப்பத்தையும் படமெடுத்து ஓடர் எண்ணோடு வையுங்கள். -3 வரும் நாளில் கடைக்காரரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

11. உண்மைக் கணக்குக்கு மாறும் நாள்

செவ்வாய் அல்லது புதன் காலை மாறுங்கள், உதவி கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் இருக்கும் நேரம் அது. அமைப்புச் சுவிட்சை மாற்றி, உண்மை டொமைனுக்கான குறி உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, அறிவிப்பு முகவரி இன்னும் டனலைக் காட்டவில்லையா என்று உறுதிசெய்யுங்கள்.

சேர்வரின் நேர வலயத்தையும் பாருங்கள். அது யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தும். டொரொன்டோவில் இருப்பவர் எங்கள் 1ஆம் திகதி அதிகாலை 2 மணிக்குப் போடும் ஓடர் முந்தின மாதக் கடைசி நாள் இரவு 8.30 என்று பதிவாகி, மாதக் கணக்கு இடிக்கும்.

பிறகு கடைக்காரரின் சொந்தக் கார்ட்டால் ஒரு சிறு ஓடர் போடுங்கள். கைத்தொலைபேசியில், வைஃபை இல்லாமல், டேட்டாவில் போடுங்கள். வங்கியின் ஓடிபி வருகிறதா, ஓடர் நிலை தானாக மாறுகிறதா, எஸ்எம்எஸ் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டாவது ஓடரில் காசைக் கட்டியதும் "நன்றி" பக்கம் வர முதல் உலாவியை மூடிவிடுங்கள், அப்போதும் நிலை மாற வேண்டும். மூன்றாவதில் "நன்றி" பக்கத்தின் முகவரியைக் காசு கட்டாமல் நேரே திறந்து பாருங்கள், அப்போது மாறக் கூடாது.

காசு வங்கிக்கு வந்துசேரச் சில வேலை நாட்கள் எடுக்கும். வந்ததும் கடைக்காரரோடு இருந்து வங்கிக் கூற்றில் உள்ள தொகையையும், சேவையின் அறிக்கையில் உள்ள தொகையையும், உங்கள் ஓடர்ப் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்து ஒருமுறை சரிபாருங்கள். மூன்றும் சதக் கணக்கில் பொருந்திய பிறகு "கார்ட்டாலும் கட்டலாம்" என்ற வரியை முகப்பில் போடுங்கள்.